ஒன்பதாம் இரவும் சனிக்கிழமைப் பள்ளியும்: பிரிட்டனின் கறுப்பினக் குடும்பங்கள் ஒருவரையொருவர் தாங்கிய விதம்

கேள்வி: இனவெறியால் பாதிக்கப்படும் கறுப்பினக் குடும்பங்களுக்குச் சமூக ஆதரவும், பண்பாட்டு வழியில் மனக்காயத்தை ஆற்றுவதும் முக்கியம் என்று அடிக்கடி படிக்கிறேன். நடைமுறையில் இது என்ன? பாட்டும் உணவும் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் காயத்தை ஆற்றிவிடுமா? அரசும் சட்டமும் செய்யவேண்டிய வேலையைத் தட்டிக்கழிக்க இது ஒரு சாக்காகிவிடாதா?

பதில்:

உங்கள் சந்தேகம் நியாயமானது. அப்படிச் சாக்காகப் பயன்பட்டதும் உண்டு. காவல்துறை சரியில்லை, பள்ளி சரியில்லை என்று மக்கள் முறையிட்டபோது, பல்கலாசார விழாவுக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுக் கோப்பை மூடிய நகராட்சிகளைத் தென்கிழக்கு லண்டனில் குடும்பநலப் பணியில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் உங்கள் கேள்விக்கு என் பதில் 'ஆற்றும்' என்பதுதான், ஒரு நிபந்தனையோடு. கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்த குடும்பங்களின் வரலாற்றைப் பார்த்தால், எந்தப் பாட்டும் எந்தச் சடங்கும் தனியாக நின்று எவரையும் தேற்றவில்லை. வீடு வாங்க, பிள்ளையைப் படிக்கவைக்க, பிணத்தைப் பெற்று அடக்கம் செய்ய, வழக்கை நடத்த என்று கையில் ஒரு வேலையோடு வந்தபோதுதான் அவை தேற்றின. அமெரிக்க உதாரணங்கள் எங்கும் கிடைக்கும் என்பதால், எனக்குப் பழக்கமான பிரிட்டனோடு நின்றுகொள்கிறேன்.

1948 ஜூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்தில் கரீபியப் பயணிகளை இறக்கியது. போரில் நொடித்துப்போன நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. பஸ், ரயில், மருத்துவமனை எல்லாவற்றிலும் வேலை இருந்தது. ஆனால் வேலை முடிந்து வாடகைக்கு அறை தேடிப் போனால் கதவு திறக்கவில்லை. கறுப்பர்களுக்கு அறை இல்லை என்று ஜன்னலிலேயே அட்டை வைத்தவர்கள் இருந்தார்கள். அப்போது அது சட்டவிரோதமும் அல்ல. 1965இல் வந்த முதல் இன உறவுச் சட்டம் பொது இடங்களோடு நின்றுகொண்டது. வீட்டையும் வேலையையும் 1968இல் வந்த சட்டம்தான் தொட்டது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளை அந்தக் குடும்பங்கள் எப்படிக் கடந்தன?

சீட்டுப் போட்டுக் கடந்தன. ஜமைக்கர்கள் அதைப் 'பார்ட்னர்' என்பார்கள், டிரினிடாட்காரர்கள் 'சூசூ' என்பார்கள். நம் ஊர் சீட்டேதான், ஏலமும் தள்ளுபடியும் மட்டும் கிடையாது. பத்துப் பதினைந்து பேர் வாரந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பொறுப்பாளரிடம் கொடுப்பார்கள். அவருக்குப் 'பேங்க்கர்' என்று பெயர். பெரும்பாலும் அவர் தெருவிலோ தேவாலயத்திலோ சொல்லுக்கு மதிப்புள்ள ஒரு பெண்மணியாக இருப்பார். அந்த வாரத்துப் பணம் முழுவதும் ஒருவர் கைக்குப் போகும். பத்திரம் இல்லை, ரசீது இல்லை. வங்கி கடன் தர மறுத்தவர்கள் இந்தப் பணத்தை முன்பணமாக வைத்து வீடு வாங்கினார்கள். வாங்கிய வீட்டில் மற்றக் கரீபியர்களுக்கு அறை கொடுத்தார்கள்.

இதில் மனக்காயம் எங்கே ஆறுகிறது என்று கேட்கலாம். யாருக்கு எந்த வாரம் பணம் என்பதை முடிவு செய்கிறாரே பேங்க்கர், அங்கேதான். ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளையை அழைத்துக்கொள்ளக் கப்பல் கட்டணம் தேவைப்படுகிறவருக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும். அதைச் செய்ய அவருக்கு ஒவ்வொரு வீட்டின் நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும். வேலையிடத்தில் அவமானப்பட்டவர், கணவரோடு சண்டையிட்டவர், இரவுப்பணியில் உடல் கெட்டவர் எல்லோரும் வாரம் ஒருமுறை அந்தச் சமையலறை மேசைக்கு வந்தாக வேண்டும். வந்தால் ஒரு வாய் தேநீர், நாலு வார்த்தை. இப்போது நாங்கள் 'தொடர் கண்காணிப்பு' என்று படிவம் நிரப்புகிறோமே, அந்த வேலையை அவர் படிவமில்லாமல் செய்தார்.

தேவாலயத்தின் கதையும் இதே மாதிரிதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொந்த ஊரில் ஆங்கிலிக்கனாக, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபில், வளர்ந்தவர்கள் இங்கே ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனபோது, வெளியே வரும்போது பாதிரியாரே கைகுலுக்கி, மறுவாரம் வரவேண்டாம் என்று நயமாகச் சொன்ன அனுபவங்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால் வீட்டு முன்னறைகளிலும் வாடகைக் கூடங்களிலும் கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபைகள் முளைத்தன. 1953இல் வுல்வர்ஹாம்ப்டனில் தொடங்கிய 'நியூ டெஸ்டமென்ட் சர்ச் ஆஃப் காட்' இன்று பெரிய சபை. இங்கிலாந்துத் திருச்சபை தன் இனவெறிக்கு மன்னிப்புக் கேட்டது 2020இல். அந்த மன்னிப்பைக் காதால் கேட்க முதல் தலைமுறையில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள்!

பள்ளிக்கு வருவோம். 1960களின் இறுதியில் லண்டனில் ஒரு விஷயம் பெற்றோர் காதில் விழத் தொடங்கியது. கரீபியப் பிள்ளைகள் விகிதத்துக்கு மீறிய எண்ணிக்கையில் 'கல்வியில் இயல்புக்குக் கீழானோர்' என்று முத்திரை குத்தப்பட்டுச் சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வீட்டில் ஜமைக்கப் பேச்சு பேசிய பிள்ளைக்கு, லண்டன் நடுத்தர வர்க்கச் சொற்களை வைத்து அறிவுத்திறன் தேர்வு நடத்தினார்கள். 'சிறப்புப் பள்ளி' என்றதும் நல்ல பள்ளி என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட பெற்றோர் உண்டு. 1971இல் கிரெனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பெர்னார்டு கோர்ட் இதை அம்பலப்படுத்தி ஒரு சிறு நூல் எழுதினார். ஜான் லா ரோஸின் நியூ பீக்கன் பதிப்பகம் அதை வெளியிட்டது. (அதே கோர்ட் பின்னாளில் கிரெனடாவின் புரட்சி அரசில் துணைப் பிரதமராகி, 1983இல் பிரதமர் மாரிஸ் பிஷப் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனையும் பெற்றார். ஒரு மனிதரின் ஒரு நற்செயலைச் சொல்வதற்காக மற்றதை மறைக்க வேண்டியதில்லை.)

பெற்றோர் இரண்டு வேலைகள் செய்தார்கள். கல்வி அதிகாரிகளோடு மோதினார்கள். கூடவே, சனிக்கிழமைப் பள்ளிகளைத் திறந்தார்கள். லா ரோஸ் 1969இல் தொடங்கிய ஜார்ஜ் பாட்மோர் பள்ளி முன்னோடிகளில் ஒன்று. இந்தப் பள்ளிகளில் கறுப்பின வரலாறு கற்பிக்கப்பட்டது என்பதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஹெய்ட்டியின் அடிமைகள் நடத்திய புரட்சியும், கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த ஜமைக்கச் செவிலியர் மேரி சீக்கோலும் பாடத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் நான் பார்த்த பள்ளியில் காலை நேரத்தின் பெரும்பகுதி வாய்ப்பாடும் ஆங்கில இலக்கணமுமாகவே போனது. தேவாலயத்தின் பின்புறக் கூடம், அடுக்கி வைக்கும் நாற்காலிகள், ஓய்வுபெற்ற ஒரு செவிலியர் பின்னக் கணக்கு நடத்துகிறார். தப்பாகச் சொன்னால் திட்டும் விழுகிறது. அன்பொழுகப் பேசவெல்லாம் அங்கே நேரமில்லை. இருந்தும் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். வாரநாள் பள்ளி இவர்களைப் பற்றி எழுதிய அறிக்கையை அந்தச் செவிலியர் படித்ததில்லை, படிக்கப் போவதும் இல்லை. அந்தக் கூடத்தில் தப்பு என்றால் கணக்கில் தப்பு, அவ்வளவுதான். பிள்ளையின் இனத்தைப் பற்றிய சான்றாக அது மாறுவதில்லை. வெளியே அப்படியில்லை என்பதை இந்தப் பிள்ளைகள் ஆறேழு வயதிலேயே தெரிந்துகொண்டுவிடுகிறார்கள்.

தெருவிலும் இதே கதை. 1824ஆம் ஆண்டின் நாடோடிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. குற்றம் செய்யும் நோக்கத்தோடு சுற்றியதாகக் காவலருக்குச் 'சந்தேகம்' வந்தாலே கைது செய்யலாம். சாட்சிக்கு இரண்டு காவலர்களே போதும். 1970களில் அது கறுப்பினப் பையன்கள் மேல் சரமாரியாகப் பாய்ந்தது. லூயிஷம் பகுதியில் மேவிஸ் பெஸ்ட் என்ற தாயும் அவரோடு சேர்ந்த பெண்களும் காவல் நிலையங்களுக்கு நேரில் போய் நின்று பிள்ளைகளைக் கேட்டார்கள். பிறகு அந்தப் பிரிவையே ஒழிக்க வேண்டுமென இயக்கம் நடத்தினார்கள். 1981இல் அது ஒழிந்தது. காவல் நிலைய வாசலில் நின்ற தாய்க்கு அன்று மனநல ஆலோசகர் யாரும் கிடையாது. பக்கத்தில் நின்ற இன்னொரு தாய்தான் இருந்தார். கையாலாகாத்தனம் என்ற உணர்வு மனிதரை எப்படி அரிக்கும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண்களுக்கு அந்த உணர்வு வர நேரம் இருந்திருக்காது.

இனித் திருவிழா. நாட்டிங் ஹில் கார்னிவலை ஐரோப்பாவின் மாபெரும் தெருவிழா என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். 1958 ஆகஸ்ட் இறுதியில் மேற்கு லண்டனின் அந்தப் பகுதியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரீபியர் வீடுகளைத் தாக்கின. டிரினிடாடில் பிறந்து, கம்யூனிஸ்ட் என்பதற்காக அமெரிக்கா நாடுகடத்திய கிளாடியா ஜோன்ஸ், பிரிக்ஸ்டனிலிருந்து ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த ஜனவரியில், கடுங்குளிரில், செயின்ட் பாங்க்ராஸ் நகர மண்டபத்துக்குள் அவர் ஒரு கார்னிவல் நடத்தினார். அதற்கான மலரில் ஒரு குறிப்பு இருந்தது. மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் சம்பவங்களில் அபராதம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்குப் போகும், கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும். ஆட்டமும் அபராதத் தொகையும் ஒரே மலரில்! தெருவில் நடக்கும் விழா 1960களின் நடுவில்தான் தொடங்கியது. அதற்கு ரோன் லாஸ்லெட் போன்றவர்கள் காரணம்.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. அம்பலவாணர் சிவானந்தன், யாழ்ப்பாணத்து வேர்களைக் கொண்டவர், 1958 இனக்கலவரத்துக்குப் பின் கொழும்பை விட்டு லண்டன் வந்தார். வந்து சேர்ந்தது நாட்டிங் ஹில் கலவர நேரம். ஒரே ஆண்டில் இரண்டு கலவரங்கள். இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் உள்ளே நடந்த போராட்டத்துக்குப் பின் அதன் இயக்குநரானார். ஆய்வு நிறுவனமாக இருந்ததை மக்கள் பக்கம் திருப்பினார். 'நீங்கள் அங்கே வந்தீர்கள், அதனால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் பதாகைகளில் வருகிறது. ஆசியரும் ஆப்பிரிக்கரும் கரீபியரும் 'கறுப்பு' என்ற ஒரே அரசியல் பெயரின் கீழ் நிற்கவேண்டும் என்றவர் அவர். பிள்ளைகளைக் கறுப்பின நண்பர்களோடு சேரவிடத் தயங்கும் நம் வீடுகள் சிலவற்றில் இவர் பெயர் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை.

சரி, மிகக் கொடிய காயத்துக்கு வருகிறேன். 1981 ஜனவரி 18 அதிகாலை, தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸ் சாலை 439ஆம் எண் வீட்டில் பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. பதின்மூன்று கறுப்பின இளையோர் இறந்தார்கள். தீ எப்படி வந்தது என்று இரண்டு மரண விசாரணைகள், 1981இலும் 2004இலும், நடந்தன. இரண்டும் முடிவு எட்டாமலே முடிந்தன. அடுத்த மாதம் டப்ளினில் ஒரு நடனக்கூடத்தில் தீவிபத்து நடந்தபோது உடனே அரசியிடமிருந்தும் பிரதமரிடமிருந்தும் இரங்கல் போனது. நியூ கிராஸ் குடும்பங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. வந்தவை இனவெறி பிடித்த வசைக்கடிதங்கள், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு முகவரிக்கே.

தீ நடந்த ஒரு வாரத்தில், ஜனவரி 25 அன்று, மூன்ஷாட் என்ற இளைஞர் மன்றத்தில் கூட்டம் கூடியது. சிபில் ஃபீனிக்ஸ் என்ற கயானாப் பெண்மணி கட்டி வளர்த்த மன்றம் அது. 1977இல் தீவைத்து எரிக்கப்பட்டு மறுபடி எழுப்பப்பட்டது. அங்கிருந்து கூட்டம் எரிந்த வீட்டுக்கு நடந்துபோய் நின்றது. ஜான் லா ரோஸ் தலைமையில் செயற்குழு அமைந்தது. குடும்பங்களுக்கு நிதி திரட்டினார்கள், தனியாக உண்மை தேடினார்கள். மார்ச் 2ஆம் தேதி, வேண்டுமென்றே ஒரு வேலைநாளில், 'கறுப்பின மக்கள் செயல்நாள்' என்று ஊர்வலம் விட்டார்கள். ஏறத்தாழ 20,000 பேர் நியூ கிராஸிலிருந்து பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் தாண்டி ஹைட் பார்க் வரை நடந்தார்கள். பத்திரிகைகள் குடியிருந்த ஃபிளீட் தெருவில் மாடி ஜன்னல்களிலிருந்து ஏளனக் குரல்கள் வந்ததாக நடந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

இதை மனக்காயம் ஆற்றும் நிகழ்ச்சி என்று அன்று எவரும் அழைத்திருக்க மாட்டார்கள். அழைத்திருந்தால் அடித்திருப்பார்கள். ஆனால் அந்த ஊர்வலத்தில் நடந்த பலர் வாழ்நாள் முழுவதும் அதைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தங்கள் பிள்ளை செத்தது நாட்டுக்கு ஒரு செய்தியே இல்லை என்று ஆனபோது, 20,000 பேர் கூலியை இழந்து வந்து அதைச் செய்தியாக்கினார்கள். நியாயம் கிடைக்கவில்லை. துக்கம் தனித்துப் போகவும் இல்லை.

சடங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன். ஜமைக்கக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் 'ஒன்பதாம் இரவு' உண்டு. ஒவ்வொரு மாலையும் ஆட்கள் வருவார்கள், ஒன்பதாம் நாள் இரவு பெரிய கூட்டம். பொரித்த மீன், ஆட்டுக்கறிக் குழம்பு, கெட்டியான வெள்ளை ரொட்டி, வெள்ளை ரம். ஒரு மூலையில் டாமினோ ஆடுவோர் கட்டைகளை மேசை அதிர அறைவார்கள். இன்னொரு பக்கம் ஒருவர் கீர்த்தனையின் ஒரு வரியைச் சொல்ல, மற்றவர்கள் அதை இழுத்துப் பாடுவார்கள். இறந்தவருக்கென ஒரு தட்டு தனியாக இருக்கும், நள்ளிரவு வரை யாரும் தொடுவதில்லை. பிறகு அவர் அறையில் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, கட்டிலையும் அலமாரியையும் இடம் மாற்றிவிடுவார்கள், திரும்பி வரும் ஆவிக்கு அறை அடையாளம் தெரியக் கூடாது என்று. நான் போன வீடுகளில் சிரிப்புதான் அதிகம். இறந்தவரின் கருமித்தனத்தைக்கூட விடமாட்டார்கள். அடக்கத்தன்று கல்லறைத் தொழிலாளியை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, ஆண்கள் கோட்டைக் கழற்றி வைத்து மாறி மாறி மண்வெட்டி பிடித்துக் குழியை மூடுவார்கள். குழி மூடும்வரை பெண்கள் பாட்டை நிறுத்துவதில்லை.

காவலில் ஒருவர் இறந்தால் இது நடக்காது. உடல் மரண விசாரணை அதிகாரியின் பொறுப்பில் போய்விடுகிறது. பிரேதப் பரிசோதனை, அதன்மேல் நம்பிக்கையில்லாமல் குடும்பம் கேட்கும் இரண்டாவது பரிசோதனை என்று வாரங்கள் ஓடும், சிலருக்கு மாதங்கள். உடல் எப்போது வரும் என்று தெரியாமல் எந்த இரவை ஒன்பதாம் இரவு என்பது? பண்பாட்டு வழி ஆறுதலை ஊக்குவிக்கிறோம் என்று அறிக்கை விடும் அரசு, முதலில் உடலை விரைவாகக் கொடுக்கட்டும். இந்தக் குடும்பங்கள் 1997இலிருந்து தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் அக்டோபரில் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து பிரதமர் இல்லம் வரை நடக்கிறார்கள். புதிதாகப் பறிகொடுத்த தாயின் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன் பறிகொடுத்த தாய் நடப்பார். எந்த வழக்கறிஞரை நம்பலாம், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் அந்த நடையில் சொல்லப்படும்.

மனநலச் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக அடைக்கப்படும் வாய்ப்பு, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு மூன்றரை முதல் நான்கு மடங்கு. ஒலசேனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர் 2010இல் தெற்கு லண்டன் மனநல மருத்துவமனையில் காவலர்கள் பலர் அமுக்கிப் பிடித்ததற்குப் பின் இறந்தார். பெற்றோர் விடாமல் போராடி, மருத்துவமனைகளில் வன்பிடியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2018இல் வந்தது. 'சேனி சட்டம்' என்றே அதை அழைக்கிறார்கள். இப்படியொரு நிலையில், கறுப்பினக் குடும்பம் சிகிச்சைக்குத் தயங்கினால் அதை 'மனநலம் பற்றிய கூச்சம்' என்று எழுதுவது சோம்பேறித்தனம். கூச்சமும் இருக்கலாம், ஆனால் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆகவேதான் கல்கத்தாவிலிருந்து வந்த ஜாஃபர் கரீம் 1983இல் லண்டனில் தொடங்கிய நாஃப்சியாத் மையமும், 2003இல் உருவான கறுப்பின, ஆப்பிரிக்க, ஆசிய உளவியல் சிகிச்சையாளர் வலையமைப்பும் முக்கியம். அங்கே போகிறவர் தனக்கு நடந்தது இனவெறிதான் என்று நிரூபித்த பிறகு பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்குத் தெரிந்த கறுப்பினக் குடும்பம் ஒன்று இப்படிச் சிக்கலில் இருந்தால், 'நிஜமாகவே இனவெறியா?' என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அவர்கள் அதை உங்களுக்கு முன்பே நூறுமுறை தங்களையே கேட்டிருப்பார்கள். பள்ளியிலிருந்து பையனை நீக்கியிருந்தால், மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு நாட்கணக்கில்தான் இருக்கும். கடிதத்தைச் சேர்ந்து படித்துத் தேதியைக் குறித்துவையுங்கள். காவல்துறை தடுத்துச் சோதித்திருந்தால், நடந்த இடம், நேரம், காவலரின் தோள் எண் எல்லாவற்றையும் அன்றே எழுதிவைக்கச் சொல்லுங்கள், சோதனைப் பதிவின் நகலையும் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். துக்கவீடாக இருந்தால் சமைத்த உணவோடு போங்கள், ஒன்பதாம் இரவில் யாரும் அழைப்பிதழ் கேட்பதில்லை. மரண விசாரணை என்றால் அது வாரக்கணக்கில் இழுக்கும். காவல்துறைப் பக்கம் வழக்கறிஞர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள், குடும்பத்தின் பக்கம் பிற்பகலுக்கு மேல் நாற்காலிகள் காலியாகத் தொடங்கும். ஒரு நாள் விடுப்புப் போட்டு அங்கே போய் உட்காருங்கள். அல்லது அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, பெரியவர்கள் திரும்பும்வரை வைத்துக்கொள்ளுங்கள்.